சாதுவான கரை

எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒன்றை இன்னொன்றைப் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "போல இருக்குறது இருக்கட்டும். வித்தியாசம் என்ன? அதை மொதல்ல சொல்லுங்க."

கேன்டீன் டீ நேற்று போலவே இருக்கிறது என்று சலித்துக்கொண்டவரிடமும் அதையேதான் கேட்டார். கேலி இல்லை. பதிலுக்காக உண்மையிலேயே காத்திருந்தார். அந்த மனிதர் இன்னொரு வாய் குடித்துப் பார்த்து, "இன்னிக்கு இஞ்சி கம்மிங்க மேடம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"பாருங்க, நேத்து போல இல்லல்ல" என்று திருப்தியோடு மறுபடி குனிந்துகொண்டார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போதும் வேறொரு கடற்கரை ஊரில் இதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றி ஒருத்தி எழுதுகிறாள் என்று தெரிந்தால் கூசிப் போவார். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். இருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம்தான். பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எங்கே தங்கியிருக்கலாம் என்று கணித்துச் சொல்லும் நிலவியலாளர். நான் நெரவியிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிற ஒப்பந்தப் பணியாள். அவர் பென்சிலில் கிறுக்கித் தருவதைக் கணினியில் வரைபடமாக்கித் தருவது என் வேலை.

காரைக்காலுக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவருக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. சேலத்துக்காரர். எந்தத் தெருவில் நின்றாலும் கடைசியில் மலை தெரிகிற ஊரில் வளர்ந்தவர். "எங்க பாத்தாலும் தட்டையா இருக்கு சுமதி. கண்ணு போய் எதுலயும் நிக்க மாட்டேங்குது" என்பார். பிறகு ஒரு நாள் என்னைத் தன் கணினித் திரைக்கு முன்னால் இழுத்து உட்கார வைத்தார். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் பதிந்து எடுத்த படம் அது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், நனைந்த புத்தகத்தின் ஓரத்தைப் போல. நடுவில் ஓர் இடத்தில் கோடுகள் எல்லாம் மேலே எழும்பி ஏதோ ஒன்றின் மேல் போர்த்தியது மாதிரி வளைந்திருந்தன.

"இது என்னன்னு தெரியுதா? மலை. காரைக்காலுக்கு அடியில இருக்கு. என்ன, மேல மண்ணு மூடிக் கெடக்கு."

அன்று மாலை நெரவிக்குத் திரும்பும்போது இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்தான். ஆனாலும் ஏதோ உயரத்தில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அன்றிலிருந்து அவருக்கும் ஊர் பிடித்துப்போயிற்று.

அவருடைய வேலையே ஒப்பிடுவதுதான். எண்ணெய் கிடைக்கிற கடல் படுகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் காவேரிப் படுகை அவற்றில் எதற்குச் சொந்தம், எதற்குச் சொந்தமில்லை என்று பார்ப்பார். படுகை என்றால் ஆற்றோரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் சொல்கிற படுகை வேறு. ஒரு காலத்தில் ஒன்றாகக் கிடந்த பெரிய நிலம் கிழிந்து பிரிந்திருக்கிறது. கிழிந்த இடம் பள்ளமாகித் தாழ்ந்துபோக, ஆறுகளும் கடலும் அதில் காலங்காலமாகச் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. சேற்றோடு புதைந்த சின்னஞ்சிறு உயிர்கள் அடியில் வெந்து எண்ணெயாகியிருக்கின்றன. பிரேசில் கரையும் இப்படிப் பிரிந்ததுதான். கோதாவரி முகத்துவாரமும் அப்படித்தான். மும்பைக் கடலிலும் கிழிசல் உண்டு. எல்லாம் ஒரே கதை போல இருக்கிறதே என்று நான் ஒரு தடவை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், அன்றைய மதியச் சாப்பாடு போயிற்று.

"பிரேசில்ல எண்ணெய்க்கு மேல மொத்தமா உப்புப் படலம் மூடி இருக்கு. நமக்கு அந்த உப்பே கெடையாது. மும்பையில சுண்ணாம்புப் பாறைக்குள்ள இருக்கு. நமக்கு மணற்பாறை. கோதாவரி கொட்டுன மண்ணு எவ்வளவு, காவேரி கொட்டுன மண்ணு எவ்வளவு? ஒண்ணா பொறந்துட்டா ஒரே மாதிரி ஆயிடுமா சொல்லு?"

தலத்தெருவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர் அஞ்சலையக்கா. கருக்களாச்சேரி மீனவக் குப்பத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும். மேடம் மீன் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கொடுவா மீனைப் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லிக் குந்தி உட்கார்ந்துவிடுவார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், மறுபடி முதல் மீனுக்கு வருவார்.

"இது எங்க பிடிச்சது, அது எங்க பிடிச்சதுக்கா? இதுக்கு முதுகு கறுத்திருக்கே?"

"மீன் வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?" என்று அஞ்சலையக்கா கத்துவார். ஆனாலும் மறுநாள் அந்த வீட்டு வாசலில்தான் கூடையை முதலில் இறக்குவார். நாளாக நாளாக, "இது ஆத்து மொகத்துல பட்டது, சேறு தின்னது, அதான் கறுப்பு" என்று கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஒரு பொங்கலுக்கு மேடத்தை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அப்பா சம்பா அறுவடைக் களைப்பில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். அம்மா வழக்கமான பல்லவியை எடுத்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுவருகிற பல்லவி.

"இவ பெரியவ மாதிரி இல்லைங்க. பெரியவ கெட்டிக்காரி."

வந்தவர்கள் எல்லோரும் இதற்குச் சிரித்துவைப்பதுதான் வழக்கம். மேடம் சிரிக்கவில்லை. "அப்படிங்களா? என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

அம்மாவுக்குக் கொஞ்சம் தடுமாற்றம். இதுவரை யாரும் கேட்டதில்லை. "வித்தியாசம்னா… பெரியவ சொன்னத சொன்னபடி செய்வா. இவ சொல்லாமயே செஞ்சு வச்சிருவா. அவளுக்குக் கோவம் வந்தா கத்திருவா. இவ கோவம் வந்தா கெணத்தடிக்குப் போயி இருக்குற பாத்திரத்தயெல்லாம் தேச்சுக் கவுத்திருவா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப பெரியவ போன்ல அழுதா. இவ அழுவலைங்க. பக்கத்துலயே ஒக்காந்து என் தலய வாரி விட்டுக்கிட்டே இருந்தா. சிக்கு எடுத்து எடுத்து…" என்றார். கரண்டி எடுக்கப் போகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார். போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேடம் மட்டும் ஒன்றும் நடக்காதது போலக் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் அம்மா என்னை அக்காவோடு வைத்துப் பேசத்தான் செய்தார். ஆனால் அதைச் சொல்கிற குரல் மாறியிருந்தது.

அப்பாவின் கேள்வி வேறு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் நேராகவே கேட்டார். "ஏங்கம்மா, எங்க வயலுக்கு அடியில எண்ணெய் இருக்குங்களா?"

"உங்க வயல் மண்ணு காவேரி நேத்து கொண்டாந்து போட்டதுங்கய்யா. நான் பாக்குறது அதுக்கும் ரொம்பக் கீழ. இப்ப நான் பாக்குறதும் கடல் பக்கம்தான்."

"கீழ இருந்தா என்னங்க, கடல்ல இருந்தா என்னங்க? நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா, மேல வர்றதுக்கு எங்க வயல்தானே வழி?"

எனக்கு வியர்த்தது. என் வேலையே அந்த அலுவலகத்தில். மேடம் அப்பாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கடல்ல தோண்டுறதுக்கும் வயல்ல தோண்டுறதுக்கும் என்ன வித்தியாசம்னு நான் நாள் பூரா சொல்லலாங்கய்யா. ஆனா நீங்க கேட்டதுக்கு அது பதில் இல்ல. நீங்க கேட்டது நியாயம். அதைக் கேட்டுக்கிட்டே இருங்க."

அப்பா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. ஆனால் புறப்படும்போது ஒரு சாக்குப் பையில் புது அரிசியை அளக்காமல் அள்ளிப் போட்டு, ஸ்கூட்டியின் முன்னால் அவரே கொண்டுவந்து வைத்தார்.

இந்த ஒப்பிடும் பழக்கம் அவரையே ஒரு தடவை காலை வாரிவிட்டது. கடலில் ஓர் இடத்தை அவர் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புதைந்த மேட்டின் கீழ்ச்சரிவு. அதே மாதிரி ஒரு சரிவில், வேறு ஒரு நாட்டுப் படுகையில் நல்ல எண்ணெய் கிடைத்திருந்தது. பாறை ஒன்றே, பிளவின் சாய்வு ஒன்றே, மேலே மூடுகிற களிப்பாறையும் அதே மாதிரி. இரண்டு வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக நான்தான் வைத்துக் கொடுத்தேன். அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகியிருந்தது. அந்த ஒரு தடவை அவர் வித்தியாசத்தைத் தேடவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, இங்கே தோண்டலாம் என்று சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

தோண்டினார்கள். வெறும் உப்புத்தண்ணீர்தான் வந்தது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் பெரிய அதிகாரி, "இந்தத் தொழில்ல தண்ணி பாக்காதவங்க யாரும்மா?" என்று தட்டிக்கொடுத்தார். மேடம் தலையை ஆட்டிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைக் கிளறினார், மூடிவிட்டார். பல நாள் அப்படித்தான். தலத்தெரு வீட்டில் மீன் வாங்குவதும் நின்றுபோனது. அஞ்சலையக்கா என் அலுவலக வாசலுக்கே வந்து, "அந்தப் பொண்ணுக்கு என்ன? கதவத் தொறக்க மாட்டேங்குது" என்று கேட்டார். வேலையில் ஒரு சங்கடம் என்றேன். மறுநாள் குழம்பாகவே வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய், அவர் கதவைத் திறக்கும்வரை வாசலில் நின்று கத்தியிருக்கிறார்.

காரணத்தை அவர் கடைசியில் கண்டுபிடித்தார். வரைபட அறைக்கு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார். "எண்ணெய் இங்கயும் வந்திருக்கு சுமதி. பாறையில அதோட தடம் இருக்கு. வந்து தங்குச்சு. அப்புறம் இந்தப் பிளவு இன்னொரு தரம் அசைஞ்சிருக்கு. அப்ப எல்லாம் கசிஞ்சு போயிடுச்சு. அங்க அசையல, இங்க அசைஞ்சுது. இருந்தது ஒரே ஒரு வித்தியாசம். ஒத்துமையப் பாத்த சந்தோஷத்துல நான் அதப் பாக்கவே இல்ல."

அழுதாரா என்று தெரியவில்லை. துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் 'தெரியாது' என்ற சொல் அதிகமாயிற்று. முன்பெல்லாம் சட்டென்று பதில் சொல்கிறவர், "தெரியாது, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்தார்கள். வங்காள விரிகுடாவின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். இந்தப் பக்கம் நம் கரை. அந்தப் பக்கம் அந்தமானும் சுமத்ராவும். அங்கேயும் எண்ணெய் உண்டு. ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டுக் கூடத்துத் தரை முழுக்க வரைபடங்களைப் பரப்பி நானும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சலையக்கா கூடையோடு உள்ளே வந்தவர், தாளை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

"இது எந்த ஊரு?"

"சுமத்ராக்கா. நம்ம கடலுக்கு அந்தாண்டக் கரை."

அஞ்சலையக்கா கூடையை இறக்கினார். "அதுவா இது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. சுனாமி வந்த காலையில் அவருடைய பெண்ணைக் கடல் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண். கருக்களாச்சேரியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை.

"அங்க ஆடுனா இங்க ஏன் வருது?" என்று கேட்டார்.

மேடம் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "நம்ம கரை எப்பவோ ஒரு பெரிய நெலத்துலேருந்து பிரிஞ்சு வந்ததுக்கா. பிரிஞ்ச வேலை முடிஞ்சு போச்சு. இப்ப சாதுவா கெடக்கு. அந்தக் கரை அப்படி இல்ல. அங்க கடல் தரை நெலத்துக்கு அடியில நொழைஞ்சுக்கிட்டே இருக்கு. முட்டிக்கிட்டு நிக்கும். தாங்க முடியாம ஒரு நாள் வெடுக்குனு நிமிரும். நிமிர்றப்ப மேல இருக்குற தண்ணியத் தூக்கி விட்டுரும். ரெண்டு கரையிலயும் எண்ணெய் இருக்கு. ஆனா ரெண்டுக்கும் கொணம் வேற."

"அப்ப நம்ம கரை சாது."

"சாதுதான்க்கா."

"அது மொரடு."

"ஆமா."

அஞ்சலையக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் காரைக்கால் மார்க்கெட்டுல இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மேடம் அன்று அதற்கு மேல் வேலை செய்யவில்லை.

அடுத்த வருஷம், ஒரு மதிய நேரம். என் மேசையில் தண்ணீர் பாட்டிலுக்குள் தண்ணீர் தானாக ஆடியது. முதலில் எனக்குத்தான் தலைசுற்றல் என்று நினைத்தேன். அதற்குள் எல்லோரும் எழுந்து வெளியே ஓடினார்கள். ஆளாளுக்கு போன். சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம், கடற்கரையில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று செய்தி வந்தது. மேடம் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிது, எந்த இடம் என்று வந்திருந்தது. நிலத்தட்டு எப்படி நகர்ந்தது என்பது மட்டும் வரவில்லை.

சட்டென்று எழுந்தார். "சுமதி, கருக்களாச்சேரிக்குப் போகணும்."

"எல்லாரும் அங்கேருந்து வந்துக்கிட்டு இருக்காங்க மேடம்."

"அவங்க வர மாட்டாங்க."

எனக்கும் அது தெரியும். எங்கே நிலநடுக்கம் என்று செய்தி வந்தாலும் அஞ்சலையக்கா கடலுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வார், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஸ்கூட்டியை எடுத்தேன். எதிரே ஆட்டோக்கள், பைக்குகள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவர்கள். அந்தச் சாலையில் கடலைப் பார்த்துப் போனது நாங்கள் மட்டும்தான். பொய் சொல்ல மாட்டேன், திரும்பிவிடலாம் என்று நான் இரண்டு மூன்று தடவை நினைத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளைப் பிடித்த பிடியில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு முன்னால், மணலில் அஞ்சலையக்கா உட்கார்ந்திருந்தார். ஊரில் மைக் வைத்து எல்லோரையும் மேடான இடத்துக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடல் எப்போதும் போல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, எழுந்திரிங்க."

"நீ ஏன் வந்த? போ."

"நெலநடுக்கம் வந்திருக்குக்கா."

"தெரியும். அதான் வந்து ஒக்காந்திருக்கேன்." கடலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "நீதானே சொன்ன, நம்ம கரை சாதுன்னு?"

மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. "கரை சாதுதான்க்கா. ஆனா அலை அங்கேருந்துல்ல வரும்."

"வருமா வராதா? ஒனக்குத் தெரியுமே. சொல்லு."

"தெரியாது."

அஞ்சலையக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாதுக்கா. அங்க நெலம் நிமிந்துச்சா, பக்கவாட்டுல ஒரசிக்கிட்டுப் போச்சா, இன்னும் சேதி வரல. அது தெரியிறவரைக்கும் மேல வந்து இருங்க."

"நீ போம்மா. அன்னிக்கு நான் இங்க இல்ல. இனிமே அது எப்ப வந்தாலும் நான் இங்கதான் இருப்பேன்."

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ற?"

"நீங்க வரலன்னா நானும் போகல."

"பைத்தியமா ஒனக்கு?" அஞ்சலையக்கா என்னைப் பார்த்தார். "இத அழச்சிக்கிட்டுப் போ."

"சொன்னா கேக்க மாட்டாங்கக்கா" என்றேன். நானும் அங்கேயே நின்றேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. அலை வந்து வந்து போனது. ஒவ்வொன்றும் போன அலையைவிட ஒரு விரற்கடை கூட ஏறுகிறதோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அஞ்சலையக்கா கடலைப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிறவரைப் பார்ப்பார். மேடம் கடலைப் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். அவ்வளவு பயம் அவருக்கு.

கடைசியில் அஞ்சலையக்கா வசைச்சொல் ஒன்றோடு எழுந்தார். குனிந்து மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். "எழுந்திரு. ஒன்ன இங்க வச்சுக்கிட்டு என்னால ஒக்கார முடியாது." பிறகு அவர்தான் முன்னால் ஓடினார். நாங்கள் இருவரும் அவர் பின்னால் ஓடினோம். மேடத்தின் செருப்பு மணலிலேயே கிடந்தது.

புயலுக்காகக் கட்டிய தங்குமிடத்தின் மொட்டை மாடியில் ஊரே நின்றிருந்தது. மேடம் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிக்னல் வரும், போகும். திடீரென்று, "பக்கவாட்டுலதான்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரசிக்கிட்டுத்தான் போயிருக்கு. தூக்கி விடல. தண்ணி கொஞ்சம் ஏறி எறங்கலாம். அன்னிக்கு போல இல்ல. இது வேற" என்றார். இருந்தாலும் எச்சரிக்கையை வாபஸ் வாங்கும்வரை யாரையும் இறங்க விடவில்லை. படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் வாபஸ் செய்தி வந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள் அஞ்சலையக்காவிடம் சொன்னார்: "பெத்த பொண்ணு மாதிரில்ல ஓடியாந்து ஒன்ன அழச்சிக்கிட்டு வந்துருக்கு."

"எம் பொண்ணு மாதிரியா?" என்றார் அஞ்சலையக்கா. "எம் பொண்ணு நான் ஒரு வார்த்த சொன்னா கேப்பா. இது எங்க கேக்குது?"

அவ்வளவு நேரம் இறுகிப்போயிருந்த மாடி முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அஞ்சலையக்கா எங்களை அப்படியே அனுப்பவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஒரே ஒரு அறை, பின்பக்கம் அடுப்படி. அவர் தனியாகத்தான் இருந்தார். மகன் திருப்பூரில் வேலை. காலையில் வைத்த கிழங்கான் மீன் குழம்பைச் சூடு பண்ணி, சோற்றைப் போட்டு எங்கள் முன்னால் வைத்தார். நான் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். அவ்வளவு பசி அதுவரைக்கும் தெரியவில்லை. மேடம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பேரு என்னக்கா?" என்று கேட்டார்.

யாருடைய பெயர் என்று அஞ்சலையக்கா கேட்கவில்லை. கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தார்.

"கலைவாணி."

பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் எதிரே உட்கார்ந்தார். "மேல வச்சு அப்படிச் சொன்னேன்ல, சொன்னா கேப்பான்னு. பொய்யி. அவளும் சொன்ன பேச்சு கேக்க மாட்டா. மீன்காரி வீட்டுல பொறந்துட்டு மீனே திங்க மாட்டா. கொழம்ப மட்டும் ஊத்திக்கிட்டு மீன எடுத்து அவ அண்ணன் தட்டுல போட்டுருவா. ஏண்டின்னு கேட்டா, மீனு என்னயப் பாக்குதும்பா…"

சொல்லச் சொல்ல அவர் குரல் பழைய குரலாகிக்கொண்டே வந்தது. பிறகு வீட்டுக்கு வெளியேயும் கேட்டிருக்கும். கலைவாணி மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போனது, குடை வாங்கிக் கொடுத்தும் அதை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தது, அப்பாவிடம் சண்டை போட்டுப் படகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. வெளியே ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. மேடம் தட்டில் வைத்த கையை எடுக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை காயுது பாரு, சாப்புடு" என்று அஞ்சலையக்கா நடுவில் அதட்டினார். அதட்டிவிட்டு இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினார். பிறகு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.